பதுளைக் கடைக்கு வந்த கலெக்டர்

போன கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டில் பெரிய கூட்டம். யாரையோ பஸ் தட்டிவிட்டது என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு பையன் முழுசாகத்தான் நின்றிருந்தான். ஃபோனில் கொத்து ரொட்டி தின்று காட்டியே பேர் வாங்கினவனாம். ஒரு அம்மா அவன் கழுத்தை வளைத்துப் பிடித்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடிக்கு ஆடுகூடக் கத்தியிருக்கும், அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். பாவம், அவன் பிழைப்பு அது.

எனக்கோ புதுத்துணி வாசம் மூக்கில் ஏறியது. பிரபலங்களைப் பார்க்கும் வித்தையை நான் படித்தது ஒரு துணிக்கடையில். பதுளையில் ஹாஜியார் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த காலம் அது. தெமோதரைப் பாலம் பார்க்க வரும் பாடகர், பந்து வீசுகிறவர், டிவியில் செய்தி வாசிக்கிறவர் என்று யாராவது எப்போதாவது கடைக்குள் நுழைவார்கள். ஹாஜியார் வைத்த சட்டம் ஒன்றுதான்: "பாக்கலாம். பாக்கிறது தெரியப்படாது." ஆகவே நாங்கள் எல்லோரையும் கண்ணாடி வழியாகவே பார்த்தோம். ஒரு பெரிய பாடகரின் பின்மண்டை வழுக்கை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம், முகம்தான் ஞாபகமில்லை. அவர் படியிறங்கியதும் "யாரு அது?" என்று முதலில் கேட்டவரும் ஹாஜியார்தான்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அந்தச் சட்டம் தேவையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் துரையின் ஜீப் வந்தால் கொழுந்துக் கூடையோடு வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்கிற பரம்பரை நாங்கள். பெரிய ஆளைக் கண்டால் கால் தானாக ஒதுங்கும். துரையா நடிகரா என்றெல்லாம் அது விசாரிக்காது. இதற்குப் பேர் பண்பாடு என்று பின்னாளில் ஒருவர் மேடையில் பேசினார். நானும் கை தட்டினேன்.

இதற்கெல்லாம் அடங்காதவள் என் அக்கா பிலோமினா. மடுல்சீமைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே கொழுந்து பறித்தாள். கங்காணியிடம் நியாயம் கேட்பாள், துரையின் ஜீப்பை மறித்துக் கேட்பாள், பூசை ஏன் இவ்வளவு நீளம் என்று ஃபாதரிடமே கேட்பாள். அவளுடைய முதல் பிள்ளை, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், தோட்டத்து லொறி குழிகளில் ஏறி இறங்கியதிலேயே போய்விட்டது. இரண்டாவது வயிற்றில் ஏழாம் மாதம். ரோட்டுக் குழியை மூடினால் இதுவாவது தங்கும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை.

கிளினிக் முடிந்து அவள் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், கலெக்டர் உள்ளே வந்தார். நிஜக் கலெக்டர் அல்ல. இந்தியாவிலிருந்து வரும் எட்டு மணி நாடகத்தின் நேர்மையான கலெக்டர். ஒரு விளம்பரம் முடிவதற்குள் ஊருக்கு ரோடே போட்டுக் கொடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் காற்சட்டையெல்லாம் இரத்தத்தோடு வந்து, அட்டை கடிக்காமல் முழங்கால் வரை இழுத்துவிட மேஸ் கேட்டார். சாக்ஸ் என்றார், நாங்கள் புரிந்துகொண்டோம். நம்முடைய மலையை ஊட்டி என்று காட்டிப் படம் பிடிக்கிறார்களாம், இங்கே செலவு குறைவாம்.

நாங்கள் அத்தனை பேரும் கண்ணாடிக்குத் திரும்பினோம். அக்கா எழுந்து நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, மடுல்சீமைக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க. எங்க ரோட்டப் பாருங்க."

அவர் சிரித்தார். "நான் நடிகன்மா. நெஜக் கலெக்டர் இல்ல."

"தெரியுங்கய்யா. ஓட்டுக் கேட்டு வர்றவங்களும் நடிக்கத்தான் வர்றாங்க. அவுங்க பின்னால கெமரா வர்றதில்ல. ஒங்க பின்னால வரும்ல."

ஹாஜியார் மேலே மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நடிகர் மட்டும் சிரிப்பை நிறுத்தி, முதல் பிள்ளையின் கதையை முழுதாகக் கேட்டார். டைரக்டரிடம் சொல்கிறேன் என்றார். மேஸ் இரண்டு சோடி வாங்கிக்கொண்டு போனார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதத்தில் கெமரா மடுல்சீமைக்கு வந்தது. இந்தியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் துரைக்கு மானம் வந்து, பரம்பரையாக மூடாத குழிகளையெல்லாம் கல்லும் மண்ணும் போட்டு ஒரே இரவில் மூடிவிட்டார். லயத்து வரிசை வீட்டுச் சனமே கூடி நின்று பார்த்தது. அக்கா அந்த ரோட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை மேலும் கீழும் நடந்தாளாம். டைரக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நிறைமாதப் பெண் குழியில் கஷ்டப்படுகிற கதை, குழியில்லாமல் எப்படி எடுப்பது? தோட்டத்து ஆட்களையே கூலிக்குப் பிடித்து அத்தனையையும் திரும்பத் தோண்ட வைத்தார். முன்பிருந்ததைவிட ஆழமாகத்தான் தோண்டினார்கள், நம் ஆட்கள் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்கள். படம் பிடித்து முடிந்து அவர்கள் போனார்கள். குழிகளை மூடச் சொல்ல ஒருவரும் இல்லை.

அடுத்த கிழமை அக்காவுக்கு வலி கண்டது. லொறி பாதி வழியில் குழிக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. சேலையில் தொட்டில் கட்டித் தூக்கினார்கள். வழியிலேயே பிறந்தது, பெண் குழந்தை. அழவில்லை.

அந்தக் காட்சி டிவியில் வந்த அன்று நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். நிறுத்திவிடலாம் என்று எழுந்தேன், இருக்கட்டும் என்றாள். அதே வளைவில், வயிற்றில் துணி கட்டிய நடிகைக்குப் பிரசவம் ஆனது. கலெக்டர் கையில் குழந்தை வீறிட்டு அழுதது. ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம் என்று கீழே எழுத்து வந்தது. மடுல்சீமை என்ற பேரே இல்லை.

"நம்ம ரோடுதான் தம்பி," என்றாள் அக்கா. "நல்லா வந்திருக்கு."

அந்த நாடகம் எப்போதோ முடிந்துவிட்டது. ஹாஜியார் மௌத்தாகி, அவர் கடையில் இப்போது ஃபோன் விற்கிறார்கள். இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. போன தேர்தலுக்கு ஒரு பெரிய ஆள் லயத்துக்கு வந்து, அக்காவின் கையைப் பிடித்து, என்ன வேண்டும் கேளுங்கள் என்றாராம்.

"ஒண்ணும் வேணாங்க."

இதை மச்சான்தான் என்னிடம் ஃபோனில் சொன்னார். கேட்கத் தெரிந்த ஒருத்தி எங்கள் குடும்பத்தில் இருந்தாள். இப்போது இருப்பவள் கொழுந்து பறிக்கிறாள், கோயிலுக்குப் போகிறாள், யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.