அக்கா கண்டுபிடித்த பிழை

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. செம்பனை எண்ணெய் ஆலைகளில் லாரிகளை எடைபோடுவதற்கான மென்பொருளை எழுதிக் கொடுப்பதுதான் தொழில். அதில் முக்கால் பாகத்தை எழுதியவர், செமிலிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வரும் ஓர் அக்கா.

ஒரு நாள் காலை, முதலாளி எங்களைக் கூட்டிப் போட்டி வைக்கலாம் என்றார். ஆலை கேட்டிருந்த ஒரு புதிய அறிக்கைக்கான நிரலை அக்கா எழுத வேண்டும். அதே நிரலை நான் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்க வேண்டும். எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. கால் மணி நேரத்தில் நான் முடித்துவிட்டேன். முதலாளி கைதட்டினார். நாங்களும் தட்டினோம். அக்கா அப்போது பாதிகூட எழுதியிருக்கவில்லை.

அவர் எழுந்து வந்து என் திரையை நிதானமாகப் படித்தார்.

“இது தப்பு லா தம்பி. ஒரே லாரி அன்னிக்கே ரெண்டாவது தடவ வந்தா, மொத லோடு கணக்கு அழிஞ்சிடும்.”

சோதித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. உடனே முதலாளி, அதை அப்படியே செயற்கை நுண்ணறிவிடம் சொல் என்றார். அக்கா பக்கத்தில் நிற்க, அவருடைய வார்த்தைகளையே தட்டினேன். ஒரு நிமிடத்தில் திருத்திக் கொடுத்துவிட்டது.

“பாத்தியா, சொன்னா கேட்டுக்குது,” என்று முதலாளி அக்காவிடமே சொன்னார்.

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவருடைய ஜன்னலோர மேசைக்கு நான் மாறிக்கொண்டேன்.

அக்கா ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பழைய நிரலில் சிக்கல் வரும்போதெல்லாம், அவருடைய சாப்பாட்டு நேரம் பார்த்து அழைப்பேன். சலிக்காமல் விளக்குவார். நான் அதை இயந்திரத்திடம் சொல்வேன். மூன்றாவது முறை பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“தம்பி, அதுக்குத்தான சொல்லிக் குடுக்குற?”

“இல்லக்கா, நான்தான் எழுதுறேன்.”

அக்கா மீதியையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை. அக்கா ஒத்துழைக்க மறுக்கிறார் என்று முதலாளியிடம் புகார் சொன்னேன். சொல்லும்போது எனக்கு உண்மையாகவே அவர்மீது கோபமாக இருந்தது.