வயிறெரிந்து வரைந்த அட்டை

என் வீட்டுக்காரர் கார்த்திகேசுவைப் போல எழுத்துப் போடுகிறவர் அந்த நாளில் ரவாங் டவுனில் வேறு யாரும் கிடையாது. அவரைப் போல வயிறெரிகிறவரும் கிடையாது. கலும்பாங் பக்கத்து ரப்பர்த் தோட்ட லயத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்ட மாட்டேன் என்று சிறுவயதிலேயே பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார். யார் கடை திறந்தாலும் பெயர்ப்பலகை இவர்தான் எழுதுவார். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, "நேத்து வரைக்கும் சைக்கிள் மிதிச்சவன், இன்னைக்கு மொதலாளியாம்லா!" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்புவார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மீரா சாகிபு பாயின் சாப்பாட்டுக்கடை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அவர்தான் முதல் போடுவார். வட்டி வாங்க மாட்டார், லாபமோ நட்டமோ பங்குதான். ஆனால் யார் பேச்சையும் கேட்க மாட்டார். "வாயால எல்லாரும் வடை சுடுவாங்க. நாலு அட்டையில வரைஞ்சு கொண்டாங்க, பார்த்துச் சொல்றேன்" என்பார். முதல் அட்டையில் ஊரில் என்ன குறை, இரண்டாவதில் நான் என்ன செய்யப் போகிறேன், மூன்றாவதில் யார் வாங்க வருவார்கள், நாலாவதில் முதல் எவ்வளவு, பாய்க்குப் பங்கு எவ்வளவு. இதெல்லாம் வரைய யாருக்குத் தெரியும்? மணிலா அட்டையை வாங்கிக்கொண்டு எல்லாரும் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

இராமையா கோழிப்பண்ணை வைக்கப் போவதாக வந்தார். வீட்டில் வளர்த்த நாலு கோழியையே நரிக்குக் கொடுத்த மனுஷர். என் வீட்டுக்காரருக்கு அவர்மேல் பொறாமையே வரவில்லை. கோழி ஒவ்வொன்றையும் ஆடு பருமனுக்கு வரைந்து, வாங்க வந்த கூட்டத்தை ரோடு வரைக்கும் நிறுத்திக் கொடுத்தார். பாய் வேண்டாம் என்றுவிட்டார். இராமையா மனைவியின் நகையை விற்றுப் பண்ணை வைத்தார், அதுவும் போயிற்று.

அடுத்து வந்தவன் என் தம்பி அழகேசன். சுங்கை சோ பக்கம் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன, மணல் ஏற்ற ஒரு லோரி வேண்டும் என்றான். அவன் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. லோரியைத் தீப்பெட்டி அளவுக்கு வரைந்தார். மூன்றாவது அட்டையில் இரண்டே ஆள். பாய் பார்த்ததும் பணம் கொடுத்துவிட்டார். வருஷம் திரும்புவதற்குள் தம்பி பெண்டாட்டி பிரிட்ஜ் வாங்கினாள். எதற்கு மறைக்க வேண்டும், எனக்கே வயிறு எரிந்தது. இவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் இவருக்குச் சொந்தக் கடை ஆசை வந்தது. உள்ளே விளக்கு எரிகிற பிளாஸ்டிக் பெயர்ப்பலகை செய்கிற கடை. அந்த மாதிரிப் பலகை வேண்டுமென்றால் எல்லாரும் கோலாலம்பூருக்குத்தான் ஓடவேண்டும். இதை ரவாங்கிலேயே செய்யலாம் என்று நாலு அட்டை வரைந்தார். கடை அரண்மனை மாதிரி இருந்தது. வாசலில் தோரணம், வரிசையாகக் கார்கள், தள்ளுமுள்ளுக் கூட்டம். பாய் பார்த்துவிட்டு, "வேணாம் கார்த்திகேசு" என்று சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் வரைஞ்சு குடுத்தேன், எனக்கு மட்டும் இல்லையா?" என்று அழுதார். அவருக்கு நாற்பது வயசு. இதுவும் போனால் சாகிற வரைக்கும் அடுத்தவன் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் நானே பாயிடம் போய், ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. நான் அட்டையில கடையப் பார்க்குறதில்ல, உங்க வீட்டுக்காரர் வயித்தெரிச்சலத்தான் பார்க்குறேன். தேறாத தொழில்னா தாராளமா வரைவாரு. தேறுற தொழில்னா மனசு பொறுக்காது, சின்னதா வரைவாரு. இதுவரைக்கும் ஒரு தடவ கூடத் தப்புனதில்ல."

"சொந்தக் கடைக்கு அவரு எப்படி பாய் வயிறெரிவாரு?"

"எரிய மாட்டாரே, அதான் வம்பு. அப்புறம் எதைப் பார்த்து நான் டுயிட் போடுறது? பணமாச்சே."

வீட்டுக்கு வந்தேன். "அந்த பிளாஸ்டிக் போர்டு கடைய நம்ம அழகேசன் போடப் போறானாம். உங்களையே வரையச் சொல்றான்" என்றேன்.

"என் யோசனைய அவனா?" என்றார். காதில் புகை வராத குறைதான். பெண்டாட்டியின் தம்பிக்கு இல்லை என்று சொல்லவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து வரைந்தார். கடை கோழிக்கூண்டு அளவுதான். வாங்க வந்தவன் ஒரே ஆள், அவனும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எனக்கு ஏக சந்தோஷம். பாயிடம் கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டி, நடந்ததையும் சொன்னேன். பாய் தேத்தண்ணி சிந்தச் சிரித்தார். "இது தேறும்" என்று பணத்தை எடுத்து வைத்தார். வீட்டில், "அழகேசன் பின்வாங்கிட்டான், பாய் உங்களையே செய்யச் சொல்றாரு" என்று சொல்லிவிட்டேன்.

கடை திறந்த மாலை, வாசலில் இவர் பெயர் விளக்கோடு எரிந்ததைப் பார்க்கக் கடைத்தெருவே கூடிவிட்டது. அன்றோடு இவர் புகைச்சல் அடங்கியது. சதை போட்டது. அடுத்தவனை வாய் நிறையப் பாராட்டினார். நான் கும்பிடாத சாமி இல்லை, இப்படி ஒரு மாற்றம் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அப்போது பார்த்து அழகேசன் இரண்டாவது லோரிக்கு அட்டை கேட்டு வந்தான். "மச்சினனுக்கு இல்லாததா?" என்று இவர் கடையைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்து வரைந்தார். நான் சந்தைக்குப் போய்த் திரும்பினால், தம்பி அட்டையைச் சுருட்டிக்கொண்டிருக்கிறான். ஓரம் தெரிந்தது. கப்பல் மாதிரி லோரி, சுற்றிலும் கூட்டம், மாலை, தோரணம். பாய் இதைப் பார்த்தால் அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கிளம்பிவிட்டான்.

மறுநாள் வந்து என் முன்னால் உட்கார்ந்தான். "மச்சான் எவ்வளவு மனசு வச்சு வரைஞ்சிருக்காரு அக்கா! பாய் பார்த்துட்டு வேணாம்னுட்டாரு. ரெண்டு லோரி இருக்குன்னு சொல்லித்தான் புது வேல பேசி வச்சிருக்கேன். இல்லேன்னா இருக்குற வேலயும் போயிரும்" என்றான். கண் கலங்கியிருந்தது.

இவர் மதியம் சாப்பிட வந்தார். சோறு போட்டுக் குழம்பை ஊற்றினேன்.

"கேட்டீங்களா, ரெண்டாவது லோரி மட்டும் வந்துட்டா, அழகேசன் உங்க கடைக்கு எதிர்லயே மூணு மாடிக் கட்டடம் வாங்கப் போறானாம்."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அந்த அட்டையக் கொண்டாரச் சொல்லு" என்றார். "கொஞ்சம் திருத்தணும்."