சீக்குக்காரி வேஷம்

நீங்கள் பெற்ற பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடியதுண்டா? என் பிள்ளை ஓடியிருக்கிறாள். சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது லேசான வேலை, நிற்கத் தெரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகத்தில் சாயத்தோடு வெயிலில் காத்துக் கிடந்து, தலை சொறியக்கூட உத்தரவு கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்களும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். தனியாகச் சொல்ல எனக்கே பயமாக இருக்கிறது.

நடுவில் இருப்பவர்கள்

நான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். பக்கத்து கம்பெனி ஒன்றில் வெடித்துவிட்டது. அதனால் சோதனை முடியும்வரை எங்கள் கம்பெனியையும் பூட்டிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தால் அந்தச் சத்தம்தான் திரும்பத் திரும்பக் காதுக்குள் கேட்டது. அந்த நேரம் பார்த்து விருதுநகரிலிருந்து ஒரு தம்பி கேமராவோடு வந்தார். அவர் அப்பாவுக்கு வத்தல் மண்டி, மகனுக்குப் பேய்ப்படம். ஒரு ஊரில் புதுச் சீக்கு ஒன்று பரவுகிறது. சீக்கு வந்தவர்கள் வராதவர்களைத் துரத்துகிறார்கள். தப்பித்த சிலபேர் ஒரு பழைய தீப்பெட்டி குடோனுக்குள் ஒளிகிறார்கள். கதை அவ்வளவுதான். துரத்துவதற்கு ஆள் வேண்டும் என்றார். எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த பொம்பளைகள் எல்லாரும் போய் வரிசையில் நின்றோம்.

என் கூட வேலை பார்க்கும் காளீஸ்வரி அக்கா எதையும் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கும். "நாங்க செத்தவுகளா, உசுரோட இருக்கவுகளா? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றது. டைரக்டர் தம்பி கொஞ்சம் யோசித்தார். "ரெண்டுக்கும் நடுவுலக்கா. கண்ணு தொறந்திருக்கும், நினைப்பு இருக்காது. கை கால் தானா ஆடும்" என்று நடந்து காட்டினார். அக்கா சிரிக்காமல் சொன்னது: "இதுக்கு எதுக்குத் தம்பி நடிப்பு? தீவாளி சீசன்ல வந்து எங்களை அப்படியே படம் புடிச்சிருக்கலாமே."

மூன்று புள்ளி

மேக்கப் போட வந்த பெண் சென்னைக்காரி, நல்ல பிள்ளை. முதலில் உட்கார்ந்தது நான். கன்னத்தில் குளுகுளுவென்று என்னவோ வைத்தாள். கண்ணாடியைக் கொடுத்தாள். பார்த்தேன். செக்கச்செவேல் என்று, நீர் கோத்த மாதிரி மூன்று முத்து. எங்கள் பக்கம் அதைச் சீக்கு என்று வாயால் சொல்ல மாட்டோம். அம்மா வந்திருக்கா என்போம். வேப்பிலை சொருகிய வீட்டுக்குள் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. அதைப் போய் நான் முகத்தில் சாயத்தால் வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த எல்லாரும் எழுந்துவிட்டார்கள். டைரக்டர் தம்பிக்குக் காரணம் புரியவே நேரம் ஆனது. புரிந்ததும் அவர் முகமும் மாறிவிட்டது. அவரும் இந்த மாவட்டம்தானே. புள்ளி வேண்டாம், சாம்பல் நிறம் போதும் என்று முடிவானது. சாம்பல் எங்களுக்குப் பழகினதுதான். அலுமினியப் பொடி பூசிய கையோடுதான் தினமும் வீட்டுக்குப் போகிறோம். என் கன்னத்தை மட்டும் நான் மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அப்போதும் காளீஸ்வரி அக்கா விடவில்லை. "சாயம் போயிருச்சு, சரி. வெச்சது வெச்சதுதான். இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வந்துரு தாயி."

மதியச் சோறு

என் வீட்டுக்காரர் குட்டியானை வண்டியில் லோடு அடிக்கிறவர். மறுநாள் மதியம் சோற்று வாளியோடு வந்தார். கூடவே எங்கள் தர்ஷினி. பால்வாடிக்குப் போகிறவள், அம்மா சினிமாவில் நடிக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நான் அப்போது முழு வேஷத்தில் இருந்தேன். சாம்பல் முகம், கறுத்த உதடு, கழுத்தில் பச்சை நரம்பு. பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் இதெல்லாம் மறந்துபோச்சு.

அவள் கத்திய கத்தலில் குடோன் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. பயந்துவிட்டாளே, தூக்குவோம் என்று ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினேன். டைரக்டர் காலையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே ஓட்டம்தான். அவள் அப்பா காலுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினாள். நான் "அம்மாடா, அம்மாடா" என்றேன். கறுத்த வாயிலிருந்து வந்த அந்தச் சத்தம் அவளை இன்னும் பயமுறுத்தியது. நான் நடுவெயிலில் நீட்டிய கையோடு நின்றேன். பின்னாலிருந்து டைரக்டர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இதே ஓட்டம். கேமரா முன்னாடி இதே மாதிரி ஓடுனீகன்னா போதும்."

காய்ச்சல்

சாயங்காலம் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போனேன். என் பழைய நைட்டி, என் சாந்துப்பொட்டு, எல்லாம் எப்போதும் போல. தர்ஷினி கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, "நீ எங்க அம்மாவா?" என்றாள். பக்கத்தில் போனால் உடம்பு விறைத்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது.

எனக்கு அந்த மூன்று புள்ளிதான் கண்ணுக்குள் நின்றது. வீட்டுக்காரரிடம் அவள் சட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். நான் தொட முடியாதே, அவர்தான் பார்த்தார். செல்போன் வெளிச்சத்தில் வயிறு, முதுகு, கக்கம். நான் தள்ளி நின்று அவர் முகத்தையே பார்த்தேன். "ஒண்ணும் இல்ல" என்றார். திரும்பவும் பாருங்க என்றேன். காலையில் ஆஸ்பத்திரி நர்சம்மாவும் பார்த்துவிட்டு, புள்ளி கிள்ளி எதுவும் இல்லை, பிள்ளை பயந்திருக்கு என்றார். காய்ச்சலும் இறங்கியது.

ஆனால் தெருவில் இறங்கவில்லை. செல்வி சீக்கு வேஷம் கட்டினாளாம், பிள்ளைக்கு அம்மை கண்டுருச்சாம் என்று பேச்சு எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. எப்போதும் தர்ஷினியைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு ராசாத்தி மதினி அன்றைக்குக் கதவை அரைவாசிதான் திறந்தாள். படத்தில் பார்க்கிற சீக்குப் பயத்தை நான் நிஜத்தில் பார்த்தது அந்தக் கதவுச் சந்தில்தான். மதினி பாவம், அழுகிற மாதிரிதான் பேசினாள். "தப்பா நெனைக்காத செல்வி. எங்க வீட்லயும் பிள்ளைக இருக்குல்ல."

நாதாங்கி

வேறு வழியில்லாமல் பிள்ளையைப் படப்பிடிப்புக்கே கூட்டிக்கொண்டு போனேன். வேஷம் கட்டியதும் அவள் என் பக்கம் வரவில்லை. கதாநாயகியாக நடித்த மதுரைப் பொண்ணுக்குச் சாயம் பூசாத முகம். தர்ஷினி அவள் மடியில் போய் ஒட்டிக்கொண்டாள். அன்றைக்கு எடுத்தது குடோன் காட்சி. தப்பித்தவர்கள் உள்ளே, சீக்குக்காரர்கள் நாங்கள் வெளியே கதவைத் தட்ட வேண்டும். பிள்ளையும் மடியிலேயே இருக்கட்டும், நல்லா இருக்கும் என்றார் டைரக்டர். உள்பக்கத் தாழ்ப்பாள் பிய்ந்து கிடந்ததால் வெளிப்பக்க நாதாங்கியை மாட்டச் சொன்னார். எங்களுக்குக் கை வரவில்லை. கம்பெனியில் உள்ளே ஆள் இருக்கும்போது கதவைச் சாத்தவே மாட்டோம், நாதாங்கி போடுவது எங்கே. காளீஸ்வரி அக்கா சொல்லியும் பார்த்தது. ஒரே ஷாட் என்று அவரே மாட்டிவிட்டு, வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கேமராவை உள்ளே திருப்பினார்.

எல்லாரும் நிஜமாகப் பயப்பட வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் ஒன்று செய்திருந்தார். குடோனுக்குப் பின்னால் ஒரு தகர டிரம்முக்குள் அணுகுண்டுப் பட்டாசு. உள்ளே மிஷின் புகை கிளம்பியதும் அது வெடித்தது. எங்கள் ஊரில் வெடித்தால் கத்த மாட்டோம். கத்துகிற மூச்சை ஓடுவதற்கு வைத்துக்கொள்வோம். உறுமிக்கொண்டிருந்த வாயெல்லாம் மூடிவிட்டது. நாதாங்கியில் முதலில் விழுந்தது என் கை. துரு ஏறி அசையவில்லை. உள்ளே என் பிள்ளை அழுகிற சத்தம். காளீஸ்வரி அக்கா ஒரு உதை விட்டதில் கழன்றது. புகைக்குள் போனேன். தர்ஷினி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாசலுக்கு வராமல், புகை அடர்த்தியாக இருந்த மூலைக்கு ஓடினாள். என்னிடமிருந்து தப்பிக்க.

பிடித்துத் தூக்கினேன். மணிக்கட்டைக் கடித்தாள், பல் இறங்கியது. விடவில்லை. காற்று வருகிற பக்கமாக ஓடி வெட்டவெளியில் உட்கார்ந்தோம். திரும்பிப் பார்த்தால் சாம்பல் முகத்துப் பொம்பளைகள் எல்லாரும் ஆளுக்கொருவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மதுரைப் பொண்ணு காளீஸ்வரி அக்கா தோளில் தலைகீழாகத் தொங்கினாள். டைரக்டர் பின்னாலேயே ஓடிவந்து, "யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா, வெறும் அணுகுண்டுதான்" என்றார். அக்கா அந்தப் பெண்ணைக் கீழே இறக்கிவிட்டு, மூச்சு வாங்கியபடி சொன்னது: "எங்களுக்கு எந்தச் சத்தமும் வெறும் சத்தம் இல்ல தம்பி."

கடி

கதைப்படி சீக்குக்காரர் கடித்தால் கடிபட்டவருக்குச் சீக்கு வரும். என் மணிக்கட்டில் மஞ்சள் வைத்துவிட்ட காளீஸ்வரி அக்கா, "நல்ல மனுசப் பிள்ளை உன்னையக் கடிச்சிருக்கு. இனி நீ மனுசியா மாறணும், பாத்துக்கோ" என்றது. அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் குளித்துவிட்டு அடுப்படியில் நின்றேன். முன்னறையில் தர்ஷினி அவள் அப்பாவிடம் நடந்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டேன். "பேய் என்னையத் தூக்கிட்டு ஓடுச்சுப்பா. நான் கடிச்சேன். அப்பயும் அது என்னையக் கீழ போடல."

சுவரில் படம்

கம்பெனி திறந்து நாங்கள் வேலைக்குப் போன பிறகு ஒருநாள், டைரக்டர் தம்பி ஊருக்கே வந்து கல்யாண மண்டபத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டுக் காட்டினார். குடோன் காட்சியை வெட்டாமல் அப்படியே வைத்திருந்தார். "சொல்லிக்குடுத்திருந்தா இப்படி நடிச்சிருக்க மாட்டீக" என்றார். ராசாத்தி மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பயத்தில் என் கையையே பிடித்துக்கொண்டாள். கடைசியில் தப்பித்தவர்கள் எல்லாரும் ஒரு வண்டியில் ஏறிப் போகிறார்கள். பிள்ளையைத் தூக்கி வந்த சாம்பல்காரி மட்டும் பொட்டல் காட்டில் தனியாக நிற்கிறாள். படம் முடிந்துவிட்டது.

தர்ஷினி என் மடியில்தான் இருந்தாள். திரும்பி என் மணிக்கட்டில் இருந்த வடுவைத் தடவிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அவளையே துரத்தின என் வேஷத்துக்கு இந்த உலகத்தில் கிடைத்த ஒரே ஒரு ரசிகை, வெறும் துணியாகிவிட்ட அந்தச் சுவரைக் கைகாட்டி என் முந்தானையை இழுத்துக் கேட்டாள்: "அம்மா, அந்தப் பேய் பாவம், அதையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாம்மா."