பன்றி இல்லாத படம்

இலையுதிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அவருடைய மணம் படியேறி வந்துவிடும்: ஊறிய இலைகளின் மணம், நனைந்த நாயின் மணம், அவற்றுக்கு மேலே, மூக்கின் உச்சியில் சுள்ளென்று குத்துகிற வெடிமருந்தின் மணம். பாரிஸின் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில், கீழே மரக்கறிக் கடையும் மேலே நாங்களுமாக இருந்த அந்தக் கட்டடத்தின் மரப்படிகளில் எப்போதும் கறிவேப்பிலையும் ஈரச் சாக்கும் மணந்துகொண்டிருக்கும். அதைத் துளைத்துக்கொண்டு வருகிற மணத்தை அம்மா "காட்டு மணம்" என்பார். சொல்லிவிட்டு, வெளியே எவ்வளவு குளிரென்றாலும், யன்னலைத் திறப்பார். யாழ்ப்பாணத்தில் அந்த வெடிமருந்து மணத்திலிருந்து ஓடிவந்தவர் அவர். அது பாரிஸிலும் புருசனின் சட்டையில் ஏறி வீடு வந்து சேரும் என்று எந்தச் சாத்திரியும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். அதன் "பத்ரோன்", அதாவது முதலாளி, முசியூ ழெரார், பெரிய வேட்டைப் பிரியர். செப்டெம்பர் பிறந்துவிட்டால் அவருக்குச் சொலோஞ் காட்டைத் தவிர வேறு நினைப்பு இராது. அங்கே வேட்டைக்காரர்கள் காட்டின் ஓரத்தில் துவக்குகளோடு வரிசையாக நிற்பார்கள். காட்டின் மறுபக்கத்திலிருந்து சிலர் தடியால் மரங்களைத் தட்டிக்கொண்டும் கத்திக்கொண்டும் நடந்து, மிருகங்களை அவர்கள் பக்கமாகக் கலைத்துக்கொண்டு வருவார்கள். அப்படிக் கலைக்கிறவர்களுக்கு "ரபத்தர்" என்று பெயர். ஊர்க்கிழவர்கள் செய்துவந்த அந்த வேலைக்கு ஆள் குறைந்த வருடத்தில் முசியூ ழெரார் தன்னுடைய சமையலறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நின்றவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள். நல்ல காற்று, மத்தியானம் சுடச்சுடச் சாப்பாடு, ஒரு குவளை வைன் என்று அதை அவர் ஒரு பரிசாகத்தான் நினைத்திருப்பார். முதலாளி கூப்பிடுவது அழைப்பா கட்டளையா என்று பிரித்துப் பார்க்கிற வசதி எங்கள் வீட்டில் அப்போது இருக்கவில்லை.

காட்டுக்குள் என்ன சொல்லிக் கத்துவதென்று முதல்நாள் எவருக்கும் தெரியவில்லையாம். பிரெஞ்சில் கத்த வெட்கம். தமிழில் கத்த வார்த்தை வரவில்லை. கடைசியில் ஒருவர் வாய்க்கு வந்தபடி "அரோகரா" என்று தொடங்க, மற்றவர்களும் பிடித்துக்கொள்ள, சொலோஞ் காடு திருவிழா வீதியாகிவிட்டது. அது தமிழருடைய வேட்டைக் கூப்பாடு என்று நம்பிய வேட்டைக்காரர்கள், மத்தியானச் சாப்பாட்டில் குவளையை உயர்த்தி, தாங்களும் "அரோகரா" என்றார்களாம். அப்பா இதை நடித்துக்காட்டி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார். அம்மா சிரிக்கமாட்டார்.

"முருகன்ரை பேரைச் சொல்லிப் பண்டி கலைக்கிறியளோ?"

"நான் சுடேல்லையப்பா. சத்தம்தான் போடுறன்."

பசிக்குக் கொல்வது ஒன்று, பொழுதுபோக்குக்குக் கொல்வது இன்னொன்று என்று அம்மா சொல்வார். அப்பா மறுத்துப் பேசமாட்டார். ஏன் அவ்வளவு பலமாகக் கத்தவேண்டும் என்று ஒருமுறை நான் கேட்டபோது, தொண்டை கட்டிய குரலில் அவர் சொன்னதை மட்டும் நான் மறக்கவில்லை. "மிருகமில்லை, மனிசர் வருகினம் எண்டு சுடுறவைக்குத் தெரியவேணுமெல்லே பிள்ளை." வெடிச்சத்தத்துக்கு முதுகைக் காட்டி ஓடி, கடல் கடந்து, நாடு கடந்து வந்தவர்கள், ஞாயிறுதோறும் துவக்குகளின் வாயை நோக்கி, தாங்கள் மனிதர்தான் என்று கத்தியபடி நடந்தார்கள். பத்து வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு பெரிய காட்டுப்பன்றி விழுந்தது. அதைக் கலைத்துக்கொண்டு வந்தது அப்பாதான் என்று எல்லோரும் அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். முசியூ ழெராரின் மனைவி படம் எடுக்கலாம் என்று கமராவைக் கொண்டுவந்தார். அப்பாவுக்கு உடனே ஊர் ஞாபகம் வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் தமிழர் பகுதியான லா ஷப்பலில் இருந்த எல்லோருக்கும் "ஊருக்கு அனுப்புற படம்" என்று ஒரு தனி வகைப் படம் இருந்தது: ஈஃபல் கோபுரத்தின் முன்னால், இரவல் கோட்டோடு, யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்துகொண்டு எடுப்பது. கோப்பை கழுவுகிற கையை எவரும் படம் எடுத்து அனுப்பியதில்லை.

ஆகவே அப்பா முதலில் செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றினார். சுடுகிறவர்கள் கண்ணுக்குப் படவேண்டும் என்று கலைக்கிறவர்களுக்குக் கொடுப்பது அது. ஊரில் பார்க்கிறவர்கள், தெருக் கூட்டுகிறான் என்று நினைப்பார்கள். முசியூ ழெரார் தன்னுடைய கரும்பச்சை வேட்டை அங்கியைக் கொடுத்தார், பிறகு துவக்கையும் கொடுத்தார். அது இரட்டைக் குழல் துவக்கு. சுடாத நேரத்தில் நடுவில் முறித்து, குழலைத் தொங்கவிட்டுத்தான் அதைக் கையில் வைத்திருக்கவேண்டும்; அதுதான் வேட்டைக்காரர்களின் ஒழுங்கு. ஆனால் படத்தில் அது உடைந்த துவக்குப் போலத் தெரியும் என்று அப்பா கைச்சாடையால் கெஞ்சியிருக்கிறார். முசியூ ழெரார் சிரித்து, தோட்டா இல்லையென்று இரண்டு தடவை பார்த்து, மூடிக் கொடுத்தார். அப்பா பன்றியின் பின்னால் நிமிர்ந்து நின்றார்.

படம் கழுவி வந்தபோது வீட்டில் கந்தசஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்தது. அம்மா மிளகும் தண்ணீருமாக இருந்த நாட்கள். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, நாங்கள் அனுப்பும் படங்களையெல்லாம் சாமி படங்களுக்குப் பக்கத்தில்தான் கொழுவுவார். வாயில் இரத்தம் உறைந்த பன்றி முருகனுக்குப் பக்கத்தில் தொங்குவதா? அம்மா கத்தரிக்கோலை எடுத்து, அப்பாவின் முழங்காலுக்கு மேலாக, நேர்க்கோடாக வெட்டினார். கீழ்ப்பாதி குப்பைக்குப் போனது. மேல்பாதி, "வேட்டைக்குப் போனபோது எடுத்தது" என்ற ஒரு வரியோடு ஊருக்குப் போனது.

இப்போது அந்த மேல்பாதியை நினைத்துப் பாருங்கள். கரும்பச்சை அங்கி. பின்னால் அடர்ந்த காடு. நெஞ்சுக்குக் குறுக்கே துவக்கு. சிரிக்காத முகம், ஏனென்றால் ஊருக்கு அனுப்புகிற படத்தில் எங்கள் ஆண்கள் சிரிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் இராணுவம் போராளிகளைத் தேடிச் சந்திக்குச் சந்தி சோதனை நடத்திய காலம். சித்தப்பாவோ அதைச் சுவரில் கொழுவவில்லை. அண்ணன் வெள்ளைக்காரரோடு வேட்டைக்குப் போகிறவர் என்று நண்பர்களுக்குக் காட்டுவதற்காக, அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் திரிந்தார்.

மார்கழியில் கொழும்பிலிருந்து ஓர் உறவினரின் தொலைபேசி வந்தது. அப்பா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "ஓம்", "ஓம்" என்றார். பிறகு "ஓம், நான்தான் அனுப்பினனான்" என்றார். தம்பியைச் சோதனைச்சாவடியில் பிடித்துவிட்டார்கள். படத்தில் இருக்கிறவன் யார், எந்தக் காடு, எந்த முகாம் என்று கேட்கிறார்கள்.

அன்று வீட்டில் நடந்தது சண்டையென்றால் சண்டைதான், ஆனால் அப்படியொரு சண்டையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இரண்டு பேரும் பழியைத் தங்கள் பக்கமே இழுத்தார்கள்.

"நானெல்லே வெட்டினனான்," என்றார் அம்மா.

"நீ வெட்ட முந்தியே நான் துவக்கை மூடிப் பிடிச்சிட்டன்."

"பண்டி இருந்திருந்தா ஆர் கேட்டிருப்பினம்? குருடனும் வேட்டை எண்டு சொல்லியிருப்பான்."

அடுத்த நாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு உணவகத்துக்குப் போனார். அவருடைய பிரெஞ்சு உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் போதும், இதற்குப் போதாது. மரமேசைக்கு முன்னால், கால் நிலத்துக்கு எட்டாத நாற்காலியில் இருந்துகொண்டு நான் மொழிபெயர்த்தேன்: படத்தை வெட்டியதால் சித்தப்பாவைப் பிடித்துவிட்டார்கள், முழுப்படம் வேண்டும். முசியூ ழெரார் முதலில் சிரித்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பன்றியை ஏன் வெட்டினீர்கள், பன்றிதானே படம் என்று கேட்டார். விரதம், சாமி படம், முருகன் என்று நான் சொல்லத் தொடங்கி, ஒரு சொல்லை இன்னொரு சொல்லால் விளக்கி, நடுவழியில் நின்றுவிட்டேன். அவர் மனைவி எழுந்துபோய், பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்த படச்சுருளைக் கொண்டுவந்தார். முழுப்படம் பெரிதாகக் கழுவப்பட்டு, பின்னால் முசியூ ழெராரின் கையெழுத்தோடு கொழும்புக்குப் போனது. மிச்சத்தை ஒரு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்றார்கள்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். தை போனது. மாசியில் வேட்டைக்காலம் முடிந்தது. அப்பா அதற்கு முன்பே போவதை நிறுத்திவிட்டார். முசியூ ழெராரும் மறுபடி கூப்பிடவில்லை. பங்குனியில் சித்தப்பா வெளியே வந்தார். படம்தான் காப்பாற்றியது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம். நம்புவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. இடது காது கேட்பதில்லை என்பதைத் தவிர அவர் ஒன்றும் எழுதவில்லை.

போன இலையுதிர்காலத்தில் சித்தப்பா முதல்முறையாகப் பாரிஸுக்கு வந்தார். தலை நரைத்து, எதற்கும் பகிடி விடுகிற மனிதராக வந்தார். அவருடைய வலது பக்கமாக நடந்துகொண்டு லா ஷப்பலைச் சுற்றிக் காட்டினேன். எங்கள் மரப்படிகள் இருந்த கட்டடத்தில் இப்போது இரகசிய இலக்கத்தை அழுத்தினால்தான் கதவு திறக்கிறது. படம் கழுவிக் கொடுத்த கடை கைபேசிக் கண்ணாடி மாற்றுகிற இடமாகிவிட்டது. அப்பாவின் உணவகம் கைமாறிக் கைமாறி, கடைசியில் பெயர்ப்பலகையும் இல்லாமல் போய்விட்டது. முசியூ ழெரார் இறந்த செய்தியே ஒரு வருடம் பிந்தித்தான் எங்களுக்கு வந்தது. ஊருக்கு அனுப்புகிற படம் என்ற ஒன்று இருந்ததை என் மகளுக்குச் சொன்னால், எதற்கு என்று பிரெஞ்சில் கேட்கிறாள்.

பாரிஸின் புறநகரான லா கூர்னெவ்வில் அப்பா அம்மாவின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எவரும் கேட்காமலே, சித்தப்பா அந்தக் கதையை எடுத்தார்.

"அண்ணை வேட்டைக்குப் போறவர் எண்டு சொன்னன். அப்ப மிருகம் எங்கை எண்டாங்கள். எனக்கென்ன தெரியும்? பிரான்ஸ்காரரெல்லே, மானாத்தான் இருக்கும் எண்டு மான் எண்டுட்டன். பிறகு உங்கடை முழுப்படம் வந்துது. பாத்தா, பண்டி." அவர் சிரித்தார். "பொய் சொன்னதுக்கெண்டு அதுக்கும் வேறையா அடி விழுந்துது."

அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். சித்தப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, குரலை இறக்கினார்.

"அண்ணி, நீங்கள் அதை நினைச்சுக்கொண்டிருக்காதேங்கோ. வெட்டாட்டிலும் அடிச்சிருப்பாங்கள்."

"தெரியாது தம்பி," என்றார் அம்மா. "வெட்டாமல் விட்டிருந்தாத்தான் அது தெரிஞ்சிருக்கும்."

சாப்பாடு முடிந்ததும், ஊரில் மனைவிக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். அண்ணனும் தம்பியும் அம்மாவும் சுவரோரமாக நின்றார்கள். என் மகள் கைபேசியை உயர்த்தி, நிலமெல்லாம் சாமானாகக் கிடக்கிறது, இடுப்புக்கு மேலே மட்டும் எடுக்கிறேன் என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் அம்மா. "முழுசா எடு. காலடியிலை கிடக்கிறதும் வரட்டும்."

படத்தில் அவர்களுடைய கால்களுக்கு முன்னால் சித்தப்பாவின் திறந்த சூட்கேஸ், ஒற்றைச் செருப்பு, வெங்காயத் தோல் ஒட்டிய ஒரு பை. எவரும் சிரிக்கவில்லை.