குழாயடிப் பிரசங்கம்

செகந்திராபாத்தில் எஞ்சின் மாற்றுகிறார்கள். கூஜாவோடு ரயில்வே காலனிக் குழாயடிக்கு ஓடுகிறேன். தண்ணீர் இன்னும் வரவில்லை. வரிசையில் முதல் ஆளாக நிற்கும் பெண்ணைப் 'பாளையங்கோட்டை ஞானப்பூ' என்று கூப்பிடுகிறார்கள். அவள் மற்ற பெண்களுக்கு ஏசுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"கடைசில நிக்கவங்களத்தான் ஆண்டவர் மொதல்ல கூப்பிடுவாரு."

எனக்கு முன்னால், கடைசிக் குடத்தோடு நிற்பவள் முனியம்மா. இந்தக் காலனியிலேயே பிறந்தவளாம்; 'ஆமா'வுக்கு இந்த ஊர் வழக்கில் 'ஹவ்' என்கிறாள்.

"ஹவ் அக்கா? அப்போ நீ இங்க வா, நான் அங்க வரேன்."

குழாயடியே கொல்லென்று சிரிக்கிறது. அந்த நேரம் பார்த்துக் குழாய் சீறுகிறது. அரைமணி நேரம்தான் தண்ணீர் வருமாம். ஞானப்பூ ஒரு கணம் குழாயைப் பார்க்கிறாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கும் பின்னால் நிற்கிறாள். யாரும் சிரிக்கவில்லை.

ஞானப்பூ விட்டுவந்த முதலிடத்துக்குப் போய்க் குடத்தை வைத்த முனியம்மா திரும்பிப் பார்க்கிறாள்.

"மூணு வருசமா சொல்றே அக்கா. இன்னிக்குத்தான் காதுல ஏறுது."