ஏகாம்பரம் கடைந்த சாய்ந்த தட்டு

பெருங்களத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தேன். முடிச்சூர் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தாஸ் பக்கத்தில் வந்து நின்று, "ண்ணா, உனக்கு விஷயம் தெரியாதா? ஏகாம்பரண்ணன் காலைல தவறிட்டாரு. நெஞ்சுவலி" என்றான். ரயில் போயிற்று, கேட் திறந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். அதற்கு முந்தின வாரம்தான் அவனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் லேத்தில் இரும்பு கடையும் வேலை தெரிந்த எவருக்கும் ஏகாம்பரத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என்னைவிட நான்கைந்து வயது சின்னவன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், யாரோ போலிருந்தது. அடித்துவிட்டேன்.

எங்கள் சண்டை எண்பதுகளின் நடுவில் தொடங்கியது. நான் பம்புசெட் பழுது பார்க்கிறவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எந்த இன்ஜினைப் பிரித்தாலும் ஒரே கதை: பிஸ்டன் நேராகப் போய் வருகிறது, அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக்க ஒரு கனெக்டிங் ராடு, வளைந்து நெளிந்த ஒரு கிராங்க். ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேய்கிறது. ராடு, கிராங்க் இரண்டுமே வேண்டாம் என்றேன். நேரான தண்டில் ஒரு தட்டைச் சாய்வாகப் பொருத்தி, அதைச் சுற்றி நான்கு சிலிண்டர்களைத் தண்டுக்கு இணையாகப் படுக்க வைத்தால் போதும். பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டைத் தள்ளும். தட்டு வழுக்கிக்கொண்டு விலகும். தண்டு சுற்றும்.

இதைச் சொன்ன இடமெல்லாம் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் இதையும் படிப்பீர்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. அவன் பட்டறைத் தரையில் சாக்பீஸால் நான் போட்ட படத்தைக் குந்தி உட்கார்ந்து பார்த்தான். பீடி அணைந்ததும் நிமிர்ந்தான்.

"ஓடாதுண்ணா."

"ஏன்?"

"கிராங்க்ல பேரிங் சுத்துது, எண்ணெய் உள்ளயே கீது. இதுல தட்டு தேச்சிகினே ஓடுது. அழுத்துற எடத்துல எண்ணெய் நிக்காது. சூடேறி சிக்கிக்கும்."

"நிக்கும். நடுவுல ஓட்டை போட்டு எண்ணெய் விடுவேன்."

"போட்டுக்கோ. அப்பவும் நிக்காது. சரி, தட்டு இன்னா சாய்வு வேணும் சொல்லு, கடைஞ்சு தரேன்."

அவன் அப்படித்தான். ஓடாது என்று சொல்லிக்கொண்டே கடைவான். அரை மயிரிழை பிசகினாலும், நான் போதும் என்றாலும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு இரும்பை எடுப்பான். "ஓடாத இன்ஜினுக்கு எதுக்குடா இவ்ளோ சுத்தம்?" என்று ஒருமுறை கேட்டேன். "அப்புறம் என் தட்டாலதான் ஓடலன்னு நீ சொல்லுவ" என்றான்.

பழைய மொபெட் சிலிண்டர்களைத் தேடிப் பிடித்து, கைக்கு வந்தபோதெல்லாம் வேலை செய்து, அந்த இன்ஜின் உருவாகப் பல வருடங்கள் ஆயின. அதற்குள் மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனிகள் வந்துவிட்டன. அதில் ஒன்றின் இன்ஜினியர், ஆயுத பூஜைக்கு மறுநாள் பட்டறைக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். எனக்கு வேறு வாசல் இல்லை. அவர் ஒருவர் ஆம் என்றால் போதும் என்றிருந்தேன்.

பூஜையன்று இன்ஜின் பிரித்த நிலையில் இருந்தது. லேத், ட்ரில்லிங் மிஷின், ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்த ஏகாம்பரம், சாய்ந்த தட்டுக்கும் மூன்று விரலால் பட்டையாக இழுத்து, குங்குமம் வைத்து, கண்ணை மூடி வெகுநேரம் நின்றான். ஓடாது என்றவன்தான் அவ்வளவு நேரம் வேண்டினான். மறுநாள் காலையில் தட்டைப் பளபளவென்று துடைத்துத் தந்தான். எண்ணெய் வரும் ஓட்டைக்குள் இறங்கிக் காய்ந்திருந்த சந்தனத்தை அவனும் பார்க்கவில்லை, பூட்டிய நானும் பார்க்கவில்லை.

இன்ஜினியர் வந்ததும் முடுக்கினேன், இன்ஜின் ஓடத் தொடங்கியது. அதிர்வே இல்லை. மேலே வைத்த டம்ளரில் தண்ணீர் ஆடவில்லை. இன்ஜினியர் குனிந்தார். அப்போது சூடான இரும்பிலிருந்து சந்தன வாசனை வந்தது. கீச்சென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

"சாமி வெளக்குக்கு ஊத்துனதுல இன்ஜினுக்கு எண்ணெய் பத்தல போல" என்றான் வேடிக்கை பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவன்.

பிரித்துப் பார்த்தோம். இன்ஜினியர் மரியாதையாகத்தான் கேட்டார். "டிசைன்லயே ப்ராப்ளமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் முன்னால் போனான். "டிசைன்ல ஒண்ணும் இல்ல சார். அண்ணன் கணக்கு சரி. சந்தனம் வெச்சது நானு. ஓட்டைய அடைச்சிகினுது. தப்பு என்னுது."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

ஷட்டரை இறக்கியபின் ஏகாம்பரம் சொன்னான்: "ண்ணா, கோச்சிக்காத. சந்தனம் இல்லாட்டியும் சிக்கியிருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு சிக்கியிருக்கும்."

"அப்ப அவர்கிட்ட ஏன்டா அப்படிச் சொன்ன?"

"அவரு இன்னா நம்ம வூட்டு ஆளா? உன்னாண்ட சொல்றது உனக்கு."

அதன்பின் அவன் எனக்கு இன்னும் இரண்டு தட்டுகள் கடைந்து தந்தான். ஒவ்வொன்றின்போதும் அதே சண்டை. அவன் தவறுவதற்கு முந்தின வாரமும் அதுதான். அவன் எண்ணெய் நிற்காது என்றான், நான் நிற்கும் என்று கத்திவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் அவன் மகன் செல்வம் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தான். "உங்கப்பன் கடைசிவரைக்கும் என் இன்ஜின் ஓடாதுன்னே சொல்லிட்டுப் போயிட்டான்" என்றேன்.

செல்வம் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அப்பாவா? எங்ககிட்ட ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே பெரியப்பா. யாராவது கிண்டல் பண்ணா சண்டைக்கே போவாரு. 'அண்ணன் இன்ஜின் ஓடும்டா, பாரு'ன்னுதான் சொல்வாரு."

காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

இப்போது பார்க்கிறவர்கள் ஆறுதலாக, உங்கள் இன்ஜின் ஒருநாள் ஓடும் என்கிறார்கள். அவர்களுக்கு எண்ணெய் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று தெரியாது. தெரிந்தவன் ஒருவன் இருந்தான். ஊருக்கெல்லாம் ஓடும் என்று சொல்லி, எனக்கு மட்டும் ஓடாது என்று சொன்னான். அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த மறுப்புதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ளவில்லை.