மாத்திரையை நிறுத்தியவர்

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் அவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடிப்பார்.

ரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் அவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியவந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. கல்லீரல் கெடத் தொடங்கியிருந்ததால் தினம் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். மனைவிக்கும் மகளுக்கும் தொற்று இல்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அப்படியும், ரத்தம் வழியாகப் பரவிவிடுமோ என்று மனது கேட்காமல் அவர் தன் ரேசரையும் பல் பிரஷையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். நகையை வெளியே வைத்துவிட்டு ரேசரைப் பூட்டுகிற ஆள் இவர்தான் என்று மனைவி சிரித்தார்.

சில வருஷங்களில் ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தென்படவில்லை என்று வந்தது. மாத்திரையை விடாமல் போடுவதால்தான் அப்படி என்று டாக்டரம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நோய் போய்விட்டது என்று தானே முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

கொஞ்ச காலம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. படியேறினால் கால் துவண்டது. வேலை அதிகம் என்று சமாளித்தார். ஒருநாள், பழுது பார்த்த லிஃப்டில் ஏறிச் சோதித்தபோது உள்ளே இருந்த கண்ணாடியில் தன் கண்களைப் பார்த்தார். மஞ்சளாக இருந்தன. விளக்கின் கோளாறாக இருக்கும் என்று பல்பை மாற்றிப் பார்த்தார். மஞ்சள் போகவில்லை.

வீட்டில் அவர் வாய் திறப்பதற்குள் மனைவியே கேட்டார்.

"ஏங்க, மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"நிறுத்திட்டேன்."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானாதான்."

மனைவி உடனே ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். கல்லீரல் வேலை செய்யாததால் ரத்தம் உறையும் நேரம் கூடிக்கொண்டே போனது. கல்லீரல் தேறாவிட்டால் மாற்றுக் கல்லீரல்தான் என்றார் டாக்டரம்மா. நோய் மூளையைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க, வரும்போதெல்லாம் இன்று என்ன கிழமை என்று கேட்பார். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற நடுக்கத்தில் இவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார். மனைவி அதைப் பார்த்துவிட்டார்.

"பரீட்சையா நடக்குது, காப்பியடிக்க? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அப்பதானே வைத்தியம் பார்க்க முடியும்?"

மெல்ல மெல்லக் கல்லீரல் தேறியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அவரை உட்காரவைத்துச் சொன்னார்: "தென்படலைன்னா போயிடுச்சுன்னு அர்த்தமில்லை. அடங்கிக் கிடக்குது. என்னைக் கேக்காம இனி நிறுத்தாதீங்க."

அவர் நிறுத்தவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, புற்றுநோய் ஏதும் தலைகாட்டுகிறதா என்று ஸ்கேன் எடுக்கிறார்கள். போன தடவை கருவி வயிற்றில் ஒரே இடத்தில் நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க என்னங்க இருக்கு?"

"பித்தப்பை," என்றார் ஸ்கேன் எடுத்தவர். "எல்லாருக்கும் இருக்கிறதுதான். மூச்சை விடுங்க."